நீதிபதிக்குக் கைதட்டினோம்

1. காதுக்குள் ஒரு குரல்

“இண்டைக்கு நீ வேற ஒண்டும் செய்ய வேண்டாம்,” என்றார் ரூபன் அண்ணை. “மனுசன்ர காதுக்குள்ள இருந்தால் காணும்.”

ரூபன் அண்ணை எங்கள் சவுண்ட் மிக்சர். படப்பிடிப்புச் செற்றில் பேசப்படும் ஒவ்வொரு குரலும் அவருடைய வண்டிலில் இருக்கிற மேசைக்குத்தான் வந்து சேரும். நான் அவருக்குக் கீழே வேலை செய்பவள். நடிகர்களின் உடையின் உள்ளே மைக் பொருத்துவது, பற்றரி மாற்றுவது, வயர் இழுப்பது எல்லாம் என் பொறுப்பு. மனுசன் என்று அவர் சொன்னது வெர்னனை. அது உண்மைப் பெயர் அல்ல. உண்மைப் பெயரைச் சொன்னால் எங்கள் பெற்றோர் வயதில் உள்ளவர்கள் பலருக்குத் தெரியும்.

வெர்னன் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர். ஒரு காலத்தில் ஒரு சின்ன ஊரின் பொலிஸ் தலைவராக வருடக்கணக்காக நடித்தவர். இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் பழைய பண்டகசாலை ஒன்றை ஸ்ரூடியோ ஆக்கி எடுத்துக்கொண்டிருந்த தொடரில் அவர் நீதிபதி. சில எபிசோட்டுகள் முடிந்திருந்தன, இன்னும் பாதி இருந்தது. வசனம் அவருக்கு நிற்கவில்லை. முதலில் ஒரு சொல் போனது, பிறகு ஒரு வரி, பிறகு பக்கம்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ‘இயர்விக்’ என்று ஒரு கருவி. பயறங்கொட்டை அளவில் காதுக்குள்ளே போய் உட்கார்ந்துவிடும், வெளியே தெரியாது. ஒருவர் மூலையில் இருந்து வசனத்தை வரி வரியாக வாசிப்பார். நடிகர் கேட்டுக்கேட்டுப் பேசுவார். வெர்னனுக்கு வாசிக்கிறவர் அவருடைய மனைவி. அன்று மனைவிக்குக் காய்ச்சல், ஹோட்டலில் படுத்துவிட்டார்.

“அந்தக் கோர்ட் ஸ்பீச்தான் இண்டைக்கு,” என்றார் ரூபன் அண்ணை. “அது சரிவரேல்லையெண்டால் மிச்ச எபிசோட்டுக்கு ஆளை வைச்சிருக்க மாட்டினம். புரொடியூசர்மார் கதைச்சது என்ர ஹெட்போனுக்குள்ள விழுந்தது. நான் கேக்கேல்லை, நீயும் கேக்கேல்லை.”

“ஓம் அண்ணை.”

“தடிமன் கிடிமன் இல்லைத்தானே உனக்கு?”

“இல்லை.”

“நல்லது. மூக்கை உறிஞ்சினால் அதையும் சேத்துப் பேசிப்போடுவார்.”

வெர்னனுடைய ட்ரெய்லருக்குப் போனேன். செற்றில் பேசியது ஆங்கிலம். அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது.

வெர்னன், தனக்குத் தலைமயிர் வாரிவிட்ட பெண் வெளியே போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கதவைச் சாத்து பிள்ளை,” என்றார். சாத்தினேன்.

“நான் காதுக்குள்ள இதை வைக்கிறது எத்தினை பேருக்குத் தெரியும்?”

கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்லிப் பழகியவள் நான். “ரூபன், நான், டிரெக்டர், உதவி டிரெக்டர், ஸ்கிரிப்ட் பாக்கிறவ, மேக்கப்பில ரெண்டு பேர்,” என்றேன்.

“அப்ப கேற்றரிங் பெடியனுக்கு மட்டும் தெரியாது.”

“அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைக் கண்ணாடியில் இருந்து மறுபக்கம் திருப்பினார். காதை என் பக்கம் தந்தார். தலையைக் கொஞ்சம் சரித்து, கண்ணை மூடி, ஊசிக்குக் கை கொடுக்கிற பிள்ளை மாதிரி. அந்தக் காதுக்குள் கருவியை வைக்கும்போது எனக்கு முகம் சூடானது. ஒருவருடைய நெஞ்சில் மைக் ஒட்டும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மைக் ஒட்டுகிற நேரத்தில் அவர் எப்போதும் பேசுவார். அது அவருடைய பழக்கம். அன்றும் பேசினார். பற்பசை விளம்பரத்தில் பல்லைக் காட்டித்தான் தொழிலுக்கு வந்தாராம். பிறகு பகல்நேர நாடகம் ஒன்றில் கோமாவில் கிடந்தாராம். “ஒரு வருசம் படுத்துக்கிடந்து சம்பளம் எடுத்தவன் நான். வசனமே இல்லை. அதுதான் எனக்கு வாய்ச்ச நல்ல பாத்திரம்.” அதன்பிறகு பொலிஸ் தலைவர். அது முடிந்த பிறகு, கொலை நடக்கிற கதைகளில் முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடக்கிற பணக்காரன். பிறகு காது கேட்கும் கருவி விளம்பரத்துக்குக் குரல்.

வெளியே செற் ஆட்கள் ரொறன்ரோ வாகனங்களின் நம்பர் பிளேற்றுகளைக் கழற்றி அமெரிக்க நம்பர் பிளேற் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்கட ஊர் என்னைவிட அதிகமா அமெரிக்கனா நடிச்சிருக்குது.”

2. இரண்டாம் வரிசையில் அப்பா

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று அவரும் அங்கே இருந்தார்.

அப்பா காருக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என்னை அரித்தெடுத்ததால், நான்தான் அவரைப் பின்னணி நடிகராகப் பதிந்துவிட்டேன். தெருவில் நடந்து போகிறவர், ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர், வங்கியில் வரிசையில் நிற்கிறவர் எல்லாம் இப்படி வருகிறவர்கள்தான். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. உடுப்பைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பதால் கலியாண வீட்டுக் கோட்டுகளை மாறிமாறிப் போட்டுக்கொண்டு போவார்.

அவர்களுக்கு உள்ள முதல் விதி, முக்கிய நடிகர்களோடு பேசக் கூடாது. இரண்டாவது, அவர்களுடைய கண்பார்வைக் கோட்டில் தேவையில்லாமல் நிற்கக் கூடாது. மூன்றாவது, கமெரா ஓடும்போது சத்தம் வரக் கூடாது. அப்பாவுக்கு இந்த மூன்றும் மனப்பாடம்.

வெர்னனைப் பார்க்கத்தான் அப்பா அன்று வந்தார். அது எனக்குத் தெரியும். அகதியாக வந்த புதிதில் இரவு வேலை முடித்து வந்து பகலில் அவர் பார்த்தது அந்தப் பொலிஸ் தலைவர் தொடரின் மறு ஒளிபரப்பைத்தான். ஆங்கிலம் அவருக்கு வந்தது அதில் இருந்துதான். இன்றைக்கும் போனில் வங்கிக்காரரோடு பேசும்போது அப்பா ஒரு அமெரிக்கப் பொலிஸ்காரர் மாதிரித்தான் பேசுவார். எனக்குச் சின்ன வயதில் அது பெரிய வெட்கம்.

“அப்பா, அவரைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். வழக்கைப் பாக்கிற ஆள் மாதிரி இருங்கோ,” என்று காலையில் சொன்னேன்.

“எனக்குப் படிப்பிக்க வேண்டாம், பிள்ளை. நான் மூண்டு ஆஸ்பத்திரியில வெயிற்றிங் ரூமில இருந்தவன்.”

அவரைக் கோர்ட் செற்றில் இரண்டாம் வரிசையில், நீதிபதிக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். நல்ல கோட், நரைத்த மீசை. கமெராவுக்குப் பிடித்துவிட்டது.

3. பழைய வசனம்

நான் செற்றுக்குப் பின்னால், பலகைச் சுவரின் ஓட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையில் மைக், மடியில் ஸ்கிரிப்ட், காதில் ஹெட்போன். ஓட்டையால் வெர்னனின் முகம் தெரியும். அவர் மூச்சு எடுக்கிற இடத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரியை நான் வாசிக்க வேண்டும்.

காட்சியை முதல் தடவை எடுத்தபோது, அதாவது முதல் ரேக்கில், நான் விரைவாக வாசித்தேன். இரண்டாவதில் அவர் எனக்காகக் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன். மூன்றாவது நன்றாகப் போனது. இயக்குநர் தூர இருந்து காட்சியை முழுதாக எடுத்துவிட்டார். இனிக் கிட்டத்தில் இருந்து எடுக்க வேண்டும். ரூபன் அண்ணை என் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார்.

கிட்டக் காட்சியில், பேச்சின் நடுவில், ‘இந்த ஊரில் ஒருவரும் இன்றிரவு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது’ என்று ஒரு வரி வரும். நான் அதை வாசித்தேன். வெர்னன், “இந்த ஊரில்...” என்று தொடங்கி நின்றார். கண் ஒரு இடத்தில் குத்திட்டு நின்றது. பிறகு முகம் முழுதாகத் தெளிந்தது. குரல்கூட இளமையாகியது.

“வீட்டை போய்ப் படு,” என்றார். “இந்த ஊர் எங்கையும் ஓடிப் போகாது.”

அது ஸ்கிரிப்டில் இல்லை. என்ன நடக்கிறது என்று நான் விளங்கிக்கொள்ள முன்னரே இரண்டாம் வரிசையில் இருந்து ஒரு குரல், யாழ்ப்பாணத்து நாக்கில் அமெரிக்க ஆங்கிலம், மரியாதையாக, தெளிவாக:

“நீங்கள், சீஃப்?”

பொலிஸ் தலைவர் தொடரில் ஒவ்வொரு வாரமும் முடிவில் வருகிற வசனம் அது. தலைவர் அப்படிச் சொல்வார், அவருடைய உதவியாள் அப்படிக் கேட்பான். அப்பா அதை எத்தனை தரம் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. வாயில் இருந்து தானாக வந்துவிட்டது.

பிறகு சிரிப்பு. கமெராக்காரர், லைற்காரர், மற்றப் பின்னணி ஆட்கள், எல்லாரும். மைக்குகள் எல்லாம் திறந்திருந்தன. அந்தச் சிரிப்பு என் ஹெட்போனுக்குள் எல்லாப் பக்கத்தாலும் வந்தது.

“கட்! ஆர் கதைச்சது?” இது கைல், முதல் உதவி இயக்குநர். செற்றில் ஒழுங்கு அவருடைய கையில். “பின்னணி ஆக்கள், ஆர் அது?”

அப்பா கையை உயர்த்தினார். “நான்தான் சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

வெர்னன் அவரைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். “என்ர கண் முன்னால இருந்து இந்தாளை எடுங்கோ,” என்றார்.

அப்பா எழுந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். ஒருவரின் காலிலும் முட்டாமல், ஓரமாக, வரிசையை விட்டு வெளியே வந்தார். கைல் என் பக்கமாக வந்து, செற்றில் இருந்த மற்றத் தமிழர் ரூபன் அண்ணையும் நானும்தான் என்பதாலோ என்னவோ, “உமக்கு இவரைத் தெரியுமா?” என்று கேட்டார்.

“என்ர அப்பா,” என்றேன். சத்தம் குறைவாகத்தான் வந்தது. மைக் என் கையில் திறந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். வெர்னனின் காதுக்குள் அது போயிருக்கும்.

4. ஹெட்போன்

கைல் எல்லாருக்கும் பத்து நிமிட இடைவேளை கொடுத்தார். வெர்னன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீதிபதி ஆசனத்தில் தனியே இருந்தார்.

“உன்ர அப்பா ஏன் என்ர பேச்சுக்கு நடுவில கதைச்சவர்?”

நான் அப்பா எழுந்துபோன இடத்தைப் பார்த்தேன்.

“எல்லாரும் ஏன் சிரிச்சவை? அவர் கதைச்சதுக்கோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தான் எதைச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. இன்றைய வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததாகவே நினைத்திருக்கிறார். அதைச் செற்றில் ஒருவரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை. பின்னணியில் இருந்தவர் பேசினார், அதனால் ரேக் கெட்டது என்று எழுதி முடித்தாயிற்று. அப்படி எழுதுவது எல்லாருக்கும் வசதி.

நான் ரூபன் அண்ணையிடம் போனேன். “அண்ணை, அந்த ரேக்கை அவருக்குப் போட்டுக் காட்டலாமோ?”

“கேட்டவரோ?”

“என்ன நடந்தது எண்டு கேக்கிறார்.”

ரூபன் அண்ணை தாடியைச் சொறிந்தார். “உது எங்கட வேலை இல்லை, மது.” மேசையில் இருந்த ஹெட்போனை எடுத்துத் தந்தார். “ஆனா சவுண்ட் கேட்டால் குடுக்கிறது எங்கட வேலைதான்.”

வெர்னனின் தலையில் ஹெட்போனை வைத்தேன். அவர் கேட்டார். “வீட்டை போய்ப் படு” வந்த இடத்தில் அவருடைய கை ஆசனத்தின் பிடியை இறுக்கியது. “நீங்கள், சீஃப்?” வந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் வரை கழற்றாமல் இருந்தார்.

“அவர் எனக்கு உதவி செய்யப் பாத்திருக்கிறார்,” என்றார் கடைசியில். “நான் துரத்திப்போட்டன்.”

“அவர் உதவி எண்டெல்லாம் நினைச்சிருக்க மாட்டார். பழக்கத்தில வந்தது.”

“எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை.”

5. திரும்பி வாருங்கள்

அந்த நேரத்தில் ஸ்கிரிப்டின் தொடர்ச்சியைக் கவனிக்கிற பெண் கைலிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். இரண்டாம் வரிசை மீசைக்காரர் எங்கே? தூரக் காட்சியில் அவர் நடுவில் இருக்கிறார். கிட்டக் காட்சியில் அவருடைய தோளுக்கு மேலால்தான் நீதிபதியின் முகம் தெரியும். ஆள் இல்லாவிட்டால் காலையில் எடுத்தது முழுக்கக் குப்பை.

கைல் என்னைப் பார்த்தார். “உங்கட அப்பா... தூரம் போயிருப்பாரோ?”

வெளியே போய்ப் போன் எடுத்தேன்.

“எங்க நிக்கிறியள்?”

“பஸ் ஸ்ராண்டில. நீ வேலையைப் பார்.”

“திரும்பி வாங்கோ அப்பா. அவைக்கு நீங்கள் வேணும்.”

“விசர்க் கதை கதைக்காத. அந்த மனுசன்ர முகத்தைப் பாத்தனான். இனி நான் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்க மாட்டன். உன்ர பேரையும் கெடுத்துப்போட்டன்.”

“என்ர பேர் ஒண்டும் கெடேல்லை. நீங்கள் தூரக் காட்சியில இருக்கிறியள். நீங்கள் இல்லாட்டில் தொடர்ச்சி பிழையாப்போகும்.”

பஸ் வரும் சத்தம் கேட்டது. பிறகு, “தொடர்ச்சி பிழையாப்போகுமோ?” என்றார். தொழில் விதி என்றால் அப்பாவுக்கு மறுக்கத் தெரியாது. “சரி, வாறன். பஸ் வேற வருது, நிப்பாட்ட வேண்டாமெண்டு கை காட்டிப்போட்டு வாறன்.”

அப்பா தலையைக் குனிந்தபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். வெர்னன் ஆசனத்தில் இருந்து இறங்கி, எல்லாரும் பார்க்க, அவரிடம் போனார்.

“தொடர் பாத்தனீங்களோ?”

“இங்கிலிஸ் அதிலதான் பழகினனான் சேர்.”

“அப்ப உங்கட இங்கிலிஸில பிழை இருந்தால் என்னில ஒரு பங்கு.” அப்பா சிரிக்கவில்லை. வெர்னன் குரலைத் தாழ்த்தினார். அவருடைய நெஞ்சு மைக் எனக்கு அதையும் தந்தது. “நான் திருப்பியும் அந்தப் பழைய தொடருக்குள்ள போனால் நீங்கள் பேசாமல் இருங்கோ. நானே வெளியில வரப் பாக்கிறன்.”

“ஓம் சேர்.”

அடுத்த ரேக்கில் அவர் சொன்னபடியே வெளியில் வந்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். ஒரு வரியைத் தன்னுடைய சொல்லில் சொன்னார். அது எழுதியதைவிட நன்றாக இருந்தது. அப்பா உதட்டை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தபோது இயக்குநர், “அவ்வளவுதான், கிடைச்சிட்டுது,” என்றார். நான் ஸ்கிரிப்டைக் கீழே வைத்தேன். வெர்னனின் வேலை போகாமல் தப்பிவிட்டது என்று நினைத்தேன். ரூபன் அண்ணையும் அப்படித்தான் நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

6. வழக்கம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நடிகர் அந்தத் தொடரில் தன்னுடைய கடைசிக் காட்சியை முடித்தால், முதல் உதவி இயக்குநர் எல்லாருக்கும் கேட்க அறிவிப்பார். ‘ராப்’ என்பார்கள். எல்லாரும் கைதட்டுவோம். அவரைத் தெரியாதவர்களும் தட்டுவோம்.

கைல் நடுவில் வந்து நின்றார். முகத்தில் நல்ல சிரிப்பு. “நண்பர்களே, வெர்னனுக்கு இத்தோட சீரிஸ் ராப்!”

அவரை நிறுத்துவது என்று புரொடியூசர்கள் மத்தியானத்துக்கு முன்னரே முடிவெடுத்திருக்கிறார்கள், அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெர்னனின் ஏஜென்ற் மாலையில் அவருக்குப் போன் எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு. கைலுக்கு முடிவு மட்டும் வந்திருந்தது. வெர்னனுக்குச் சொல்லியாயிற்று என்று கைல் நினைத்துவிட்டார். மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

எல்லாரும் தட்டினோம். நானும் தட்டத் தொடங்கினேன். அப்பா எழுந்து நின்று தட்டினார், செற்றில் எழுந்த முதல் ஆள் அவர்தான். அவரைப் பார்த்து மற்றப் பின்னணி ஆட்களும் எழுந்தார்கள்.

வெர்னன் அசையவில்லை. ஹெட்போனில் அவர் மூச்சு நின்றது கேட்டது. பிறகு அவர் பலகைச் சுவரின் ஓட்டையைப் பார்த்தார். காலையில் இருந்து வசனம் மறந்தபோதெல்லாம் பார்த்த அதே பார்வை. எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டு, அடுத்த வரி என்ன என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய காதுக்குள் பேசக்கூடிய ஒரே ஆள் நான். மைக்கை எடுத்தேன்.

“எல்லாருக்கும் நன்றி,” என்று வாசித்தேன். எதிலும் இல்லாததை வாசித்தேன். “உங்களோட வேலை செய்தது எனக்குச் சந்தோசம்.”

அவர் அதைச் சொன்னார். ஒரு சொல்லும் தவறவில்லை. “சந்தோசம்” என்ற இடத்தில் கையை நெஞ்சில் வைத்தார். மைக்கின் மேல் கை பட்டு, எனக்கு மேசையில் குத்தின மாதிரிக் கேட்டது. கைதட்டல் இன்னும் கூடியது.

ட்ரெய்லரில் காதுக் கருவியைக் கழற்றினேன். அவர் காலையில் போலவே தலையைச் சரித்துத் தந்தார்.

“அது இண்டைய நாளுக்கோ, முழுக்கவோ?” என்று கேட்டார்.

“முழுக்க.”

“ம்.” நெஞ்சில் இருந்த ஒட்டுநாடாவை அவரே உரித்து என்னிடம் தந்தார். “அந்த வரி ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“சின்ன வரி. எனக்கு அது காணும்,” என்றார். பிறகு மனைவிக்குப் போன் எடுக்க வேண்டும், கதவைச் சாத்திவிட்டுப் போ என்றார்.

காரில் அப்பா சந்தோசமாக இருந்தார். “கடைசியில மனுசன் வடிவாக் கதைச்சவர், என்ன?” நான் அவருக்கு நடந்ததைச் சொன்னேன். மோர்னிங்சைட் திருப்பம் வந்தபோது அப்பா கோட்டின் பொத்தானைக் கழற்றினார்.

“நான் எழும்பி நிண்டெல்லோ தட்டினனான்,” என்றார்.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

கருவிகளைப் பற்றி நீங்களே படித்துக்கொள்வீர்கள். இரண்டு விசயம் மட்டும் சொல்கிறேன்.

வசனம் வாசித்துக் கொடுக்கிறவர் நடிக்கக் கூடாது. இரக்கத்தையும் குரலில் ஏற்றக் கூடாது. சொல்லை மட்டும் கொடுங்கள். முகத்தை நடிகர் தானே பார்த்துக்கொள்வார். “முழுக்க” என்று சொன்னபோது நான் அப்படித்தான் சொன்னேன். அன்று நடந்ததில் நான் வெட்கப்படாமல் நினைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

மற்றது, கைதட்ட முன்னர் கேட்பது. இப்போது எந்தச் செற்றிலும் ராப் அறிவிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், நான் ரேடியோவை எடுத்து உதவி இயக்குநரிடம் கேட்கிறேன்: “அவருக்குச் சொல்லியாச்சோ?” சிலருக்கு அது பிடிப்பதில்லை. சவுண்ட் ஆட்களுக்கு இது தேவையில்லாத கேள்வி என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறார். ஒரு தடவை மட்டும், அந்தப் பக்கத்தில் இருந்து, “பொறுங்கோ, கேட்டுப்போட்டு வாறன்,” என்று பதில் வந்தது. நாங்கள் எல்லாரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்து நின்றோம்.